மாடி அறைக்கு வந்த அனுமதி

அன்புள்ள கயல்,

இங்கே நாங்கள் நலம் என்றுதான் தொடங்க வேண்டும். உன் அம்மாவின் வலது முழங்காலையும், வீட்டின் பக்கவாட்டில் இருந்த மாடிப்படியையும் விட்டுவிட்டுப் பார்த்தால் அது உண்மையும்கூட. ஞாயிற்றுக்கிழமைதோறும் நீ போனில் ஒரே கேள்வியைக் கேட்கிறாய். நானும் "இன்னும் ஆபீஸ்லதாம்மா இருக்கு" என்று ஒரே பதிலைச் சொல்கிறேன். இந்த வாரம் அந்தப் பதிலைச் சொல்ல முடியாத நிலைமை. உண்மையைப் போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் பாதியில் நிறுத்திக்கொள்வேன். அதனால் எழுதுகிறேன். சுரங்க நிர்வாகத்தின் பணியாளர் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் பிறர் சார்பாகக் கடிதம் தட்டச்சு செய்தவன் நான். என் சார்பாக எழுதிப் பழக்கமில்லை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

முதலில் உனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன், நாம் இருவரும் ஒரே விஷயத்தைத்தான் பேசுகிறோமா என்று சரிபார்த்துக்கொள்ள. நீயும் மாப்பிள்ளையும் பெங்களூரில் ஒன்பதாவது மாடியில் மூன்று படுக்கையறை வீடு ஒன்றை வாங்க முன்பணம் கொடுத்திருக்கிறீர்கள். மூன்றில் ஒன்றுக்கு 'அப்பா அம்மா ரூம்' என்று பெயர். வீடியோ அனுப்பினாய். குளியலறையில் விழாமலிருக்கப் பிடித்துக்கொள்ள மூன்று இடத்தில் கைப்பிடி, வழுக்காத தரை, கட்டிலருகே அழைப்பு மணி. அந்த மணியை நீ அழுத்திக் காட்டியபோது உன் அம்மா இங்கே எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பில்டருக்குக் கொடுக்க வேண்டிய கடைசித் தவணை, நெய்வேலி வீட்டை விற்றால்தான் வரும். விற்றால் உன் வீடு உனக்கு, நாங்கள் அந்த அறைக்கு. விற்காவிட்டால் உன் முன்பணமும் போகும். நல்ல ஏற்பாடு. அதில் ஒரே ஒரு விஷயம், எங்களிடம் யாரும் கேட்கவில்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பதினெட்டு வருடங்களுக்கு முன் இங்கே மாடியில் உனக்கென்று ஓர் அறை கட்டியபோது நானும் உன்னிடம் கேட்கவில்லை.

அந்த அறையை ஏன் கட்டினேன் என்பதற்கு நான் சொந்தக்காரர்களிடம் பல காரணங்கள் சொல்லியிருக்கிறேன். வெயில் தாங்கவில்லை, கீழே சூடு இறங்குகிறது, விருந்தாளி வந்தால் படுக்க இடமில்லை. உண்மைக் காரணம் ஒன்றுதான். நீ கடைசி வருடப் படிப்பில் இருந்தாய். படித்து முடித்ததும் நீ இந்த ஊரிலேயே இருக்க வேண்டும் என்று நான் முடிவு செய்திருந்தேன். சுரங்கத்தில் பர்மனென்ட் வேலையில் இருக்கும் ஒரு பையன், கம்பெனி நகரியத்தில் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் உனக்கு வேலை, மாடியில் நீங்கள், கீழே நாங்கள். மாப்பிள்ளைக்கு முதல் ஷிப்ட் இருந்தால் அம்மா டிபன் கட்டிக் கொடுப்பாள் என்பது வரை யோசித்து வைத்திருந்தேன். பையன் யார் என்பது மட்டும்தான் தெரியாது. அறைக்கு இளநீலச் சுண்ணாம்பு அடித்தபோது, "யாருக்குங்க இது?" என்று உன் அம்மா கேட்டாள். "கயலுக்குத்தான்" என்றேன். "அவகிட்ட சொன்னீங்களா?" என்றாள். "கட்டி முடிச்சுட்டுக் காட்டுவோம், சந்தோஷப்படுவா" என்றேன். நீ விடுமுறைக்கு வந்து பார்த்தாய். "நல்லா இருக்குப்பா" என்றாய். நான் சந்தோஷப்பட்டேன்.

இனி உனக்கு முழுதாகத் தெரியாதது. அந்த அறை பதினெட்டு வருடங்களாக அனுமதியில்லாமல் நின்றுகொண்டிருந்தது. எனக்கும் அது தெரியாது. எப்படித் தெரியாமல் போகும் என்று நீ கேட்பாய். நீ நகரியத்தில் பிறந்தவள்தான், ஆனால் நகரியத்தில் குடித்தனம் நடத்தியவள் இல்லை. இருபத்தோராம் பிளாக் குவார்ட்டர்ஸில் நாம் இருந்தபோது குழாய் ஒழுகினால் புகார்ப் புத்தகத்தில் எழுதுவோம், கம்பெனி ஆள் வருவான். சுவரில் ஆணியடிக்க வேண்டுமா, கம்பெனியைக் கேட்போம். பின்பக்கம் கொட்டகை போட வேண்டுமா, கேட்காமல் போடுவோம், பிறகு கம்பெனி கேட்கும். அனுமதி என்ற ஒன்று உலகத்தில் இருந்தால் அது கம்பெனியிடமிருந்துதான் வரும் என்று நம்பி வளர்ந்த ஒரு சமூகம் அது. வெளியே மனை வாங்கினாலும், வீடு கட்டினாலும், கட்டிய வீட்டில் கூடுதலாக ஓர் அறை எடுத்தாலும் ஊழியன் முன்கூட்டியே நிர்வாகத்துக்குத் தெரிவித்து அனுமதி வாங்க வேண்டும் என்று நடத்தை விதிகளில் இருக்கிறது. ஊழியனுக்குச் சம்பளத்துக்கு மேல் வருமானம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதற்காக வைத்த விதி. சுவர் நேராக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக வைத்தது அல்ல. அந்த அனுமதிக் கடிதங்களைத் தட்டச்சு செய்தது யார்? நான்தான். "கட்டிக்கொள்வதில் நிர்வாகத்துக்கு ஆட்சேபணை இல்லை." இந்த வாக்கியத்தை எத்தனை பேருக்கு அடித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. எனக்கும் நானே அடித்தேன். மேலதிகாரி கையெழுத்துப் போட்டார். லேமினேட் செய்து பத்திரத்தோடு வைத்தேன். மாடி கட்ட ஊராட்சியிலும் அனுமதி வாங்க வேண்டும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால், பாவம், விவரம் தெரியாதவர் என்று நினைத்திருப்பேன். கீழ்த்தளத்துக்கு வரைபடமும் முத்திரையும் இருந்தன, அதை மனை விற்ற தரகர் வாங்கிக் கொடுத்தார். மாடிக்கு என்னிடம் இருந்தது, என் முதலாளி எனக்குக் கொடுத்த நன்னடத்தைச் சான்றிதழ் மட்டும்.

இதைக் கண்டுபிடித்தது மணிமாறன் கடன் கேட்ட வங்கியின் இன்ஜினியர். மணிமாறன் யார் என்றால், நம் வீட்டை வாங்க வந்தவர். குள்ளஞ்சாவடிப் பக்கத்து ஆள். பன்னிரண்டு வருடம் கான்ட்ராக்டில் இருந்து போன வருடம்தான் பர்மனென்ட் ஆகியிருக்கிறார். அவருடைய அப்பாவும் அப்பாவின் அப்பாவும் பிறர் நிலத்தில் வேலை செய்தவர்கள், பத்திரத்தில் அந்தக் குடும்பத்தின் பெயர் ஏறப்போவது இதுதான் முதல் தடவை. மூன்றாவது முறை வீட்டைப் பார்க்க வந்தபோது மனைவி செல்வியையும் கூட்டி வந்தார். செல்வி எல்லா அறையையும் பார்த்துவிட்டு, "மேல இருக்கிற ரூம்புதாங்க எனுக்குப் புடிச்சிருக்கு. காத்து சும்மா பிச்சிக்கினு வருது" என்றாள். விலை பேசி முடித்தோம். பத்து நாள் கழித்து மணிமாறன் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே வராமல் நின்றார்.

"சார், பேங்க்ல லோனு குடுக்க மாட்டேன்றாங்க சார். பிளான்ல கீழ் வூடு மட்டும்தான் இருக்குதாம். இங்க மேல ஒரு மாடியும் கீதாம்."

"மாடிக்கு பர்மிஷன் இருக்கே" என்று நான் பெருமையோடு உள்ளே போய் லேமினேட் செய்த கடிதத்தை எடுத்து வந்தேன்.

அவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை. "இது கம்பெனி லெட்டரு சார். இதே லெட்டரு எனுக்கும் குட்த்துட்டாங்க, இந்த வூட்ட வாங்கிக்கோன்னு. நானும் பேங்க்ல காட்டினேன். சிரிக்கிறாங்க சார்."

அப்போதுதான் வரைபடம் வரையும் உரிமம் பெற்ற தேன்மொழி என்ற பெண் நம் கதைக்குள் வந்தாள். வடலூரில் சின்னதாக ஒரு அலுவலகம், உன்னைவிடப் பத்து வயது இளையவள். ஒரு டேப்பை வைத்துக்கொண்டு அரை நாள் வீட்டை அளந்தாள். அவள் தெருவில் நடந்ததும் ஓர் அதிசயம் நடந்தது. நம் மனைப்பிரிவில் இருப்பவர்கள் முக்கால்வாசிப் பேர் ஓய்வுபெற்ற ஊழியர்கள்தானே. நகரியத்தை விட்டு வந்த ஏக்கத்தில் தெருக்களுக்கு நாங்களே பிளாக் எண் கொடுத்துக்கொண்டவர்கள். எல்லார் வீட்டிலும் மாடி இருக்கிறது, எல்லார் பீரோவிலும் நான் அடித்துக் கொடுத்த கடிதம் இருக்கிறது. டேப்பைப் பார்த்ததும் ஒவ்வொரு வாசலாகக் கதவு சாத்திக்கொண்டது. எதிர்வீட்டுக்காரர் சாயங்காலம் வந்து, "சார், அந்தப் பொண்ணு எங்க வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துச்சு. நீங்க ஒண்ணும் சொல்லலியே?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நான் நடைப்பயிற்சிக்குப் போனால் எனக்கு இரண்டு பக்கமும் இடம்விட்டு நடந்தார்கள்.

தேன்மொழி சொன்னது சுருக்கமாக இது. அறை விதிக்கு உட்பட்டுத்தான் இருக்கிறது, தற்செயலாக. ஆனால் அறைக்குப் போகிற மாடிப்படி, வீட்டுக்கும் பக்கத்து மனைக்கும் நடுவில் காலியாக விட வேண்டிய இடத்தில் நிற்கிறது. படியை இடித்தால் அறைக்கு அனுமதி கிடைக்கும். "படியை இடிச்சுட்டா மேல எப்படிம்மா போறது?" என்று கேட்டேன். "உள்ளே ஹால்ல இருந்து இரும்புப் படி வைக்கிறதா பிளான்ல காட்டலாம் சார். ஆனா முதல்ல பழசை இடிச்சு போட்டோ எடுத்து அனுப்பணும்." இரும்புப் படி வருகிற இடம், உன் அம்மாவின் தையல் மெஷின் இருக்கிற மூலை. அம்மா டேப்பைப் பார்த்தாள், மூலையைப் பார்த்தாள், மெஷினைத் துணி போட்டு மூடினாள்.

விண்ணப்பம் இப்போதெல்லாம் கணினி வழியாகத்தான் போகிறது. அதில் ஒரு கட்டத்தில் காலி மனையின் புகைப்படத்தை இணைக்கச் சொன்னது. மனை காலியாக இருந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது என்று தெரிவிக்க அங்கே வழி இல்லை. வேறொரு கட்டத்தில், உத்தேசித்திருக்கும் அறை எதற்காக என்று எழுதச் சொன்னது. தேன்மொழி விரல்களை விசைப்பலகையின்மேல் வைத்துக்கொண்டு, "என்ன சார் போடட்டும்? குடியிருக்கன்னு போட்டுடலாமா?" என்று கேட்டாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அவளாகவே போட்டுக்கொண்டாள்.

விண்ணப்பம் போனது. திரும்பி வந்தது. விவரம் போதவில்லை என்றது. கொடுத்தோம். மறுபடி வந்தது, கொடுத்த விவரத்தில் மனை எண் தெளிவில்லை என்றது. நேரில் போனால், எல்லாம் கணினியில்தான் என்றார்கள். கணினியில் பார்த்தால், நேரில் பார்வையிட வேண்டும் என்றது. பார்வையிட வருகிறவர் விடுப்பில் இருந்தார். யாரும் கடுமையாகப் பேசவில்லை, எல்லோரும் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். நான் அந்தப் பக்கத்து நாற்காலியில் முப்பத்து நான்கு வருடம் உட்கார்ந்தவன், அதனால் அவர்கள்மீது எனக்குக் கோபம் வரவில்லை. எதிரே வந்துபோகிறவனுக்கு முழங்கால் என்று ஒன்று உண்டு என்பது மட்டும்தான் புதிதாகத் தெரிந்தது. நீ ஞாயிற்றுக்கிழமை, "அப்பா, ஒரு சாதாரண மாடிக்கு ஏன்பா இத்தனை மாசம்?" என்று கேட்பாய். பில்டர் கெடு வைத்திருக்கிறான் என்பாய். திங்கட்கிழமை மணிமாறன் வருவார். "சார், மாடிக்கு பர்மிஷன் வந்தா லோனு தரோம்னு பேங்க்ல சாங்ஷன் பண்ண லெட்டரு இந்த மாசம் வரைக்கும்தான் சார்" என்பார். விற்க முடியாது, விற்காமல் இருக்க முடியாது. உன் அறைக்கு வர மனமில்லை, வரமாட்டேன் என்று சொல்ல வாயில்லை. நீ எங்கள்மீது உள்ள பிரியத்தால்தான் அதைச் செய்தாய். பிரியத்தால் கட்டிய அறைக்குள் இருப்பவருக்குக் கதவு எந்தப் பக்கம் என்று கேட்கக்கூட நா எழாது. எனக்கு இது அறுபத்தெட்டு வயதில்தான் தெரிய வந்தது. உனக்கு இருபத்தொன்றிலேயே தெரிந்திருக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். படியை இடிக்க மேஸ்திரி வந்த அன்று காலை, உன் பொருள்களை மூட்டை கட்டலாமென்று நான் மாடிக்குப் போயிருந்தேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. கீழிருந்து இடிக்கத் தொடங்கிவிட்டார். சத்தம் கேட்டு நான் வெளியே வந்து எட்டிப் பார்த்தபோது நான்கு படி போயிருந்தது, மற்றவை ஆடிக்கொண்டிருந்தன.

"ஐயோ, சார் மேல கீறாரா? யாருமே சொல்லலியே!" என்று மேஸ்திரி கடப்பாரையைக் கீழே போட்டார். "ஏணி எடுத்தாறேன் சார், அப்டியே இருங்க. அசையாதீங்க."

உன் அம்மா கீழே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ஒண்ணும் அவசரமில்ல தம்பி. நீங்க உங்க வேலையப் பாருங்க. எங்க பொண்ணு அதுக்குள்ள ரெண்டு வருஷம் இருந்தா. இவர் சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும்."

மேஸ்திரி சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஏணி சாயங்காலம்தான் வந்தது. மதியம் சாப்பாட்டைத் தூக்குவாளியில் போட்டுக் கயிறு கட்டி மேலே அனுப்பினாள். மோர் தனியாக வந்தது. சாப்பிட்டுவிட்டுச் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் உன் அலமாரியைக் காலி செய்தேன். அலமாரிக் கதவின் உட்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தாய், சின்னச் சின்ன எழுத்தில். நெய்வேலி ஆர்ச் கேட்டிலிருந்து சென்னைக்கு எத்தனை மணிக்கு எந்த பஸ், விருத்தாசலத்தில் எந்த ரயில், பெங்களூருக்கு ராத்திரி எங்கே ஏற வேண்டும். சிலவற்றை அடித்துவிட்டு நேரம் மாற்றி எழுதியிருந்தாய். பஸ் நேரம் மாறும்போதெல்லாம் திருத்தி வைத்திருக்கிறாய் என்று புரிந்தது. நானோ கீழே உட்கார்ந்துகொண்டு, பெண் சத்தமே இல்லாமல் சமர்த்தாக இருக்கிறாள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது நான் சொல்ல வேண்டியதற்கு வந்துவிட்டேன். இதுவரை எழுதியது எல்லாம் இதைத் தள்ளிப்போடுவதற்காகத்தான் என்று உனக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். நீ படிப்பை முடித்து வீட்டுக்கு வந்த அந்த முதல் வருடம், சென்னையில் ஒரு கம்பெனியில் நேர்முகத் தேர்வுக்குப் போய் வந்தாய். பதிலே வரவில்லை என்று ஒரு மாதம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு, எடுபடவில்லை போலிருக்கிறது என்று நீயே சொல்லிக்கொண்டாய். உனக்கு அப்போது உன்மேலேயே நம்பிக்கை குறைந்தது. அடுத்த தேர்வுக்குப் போகவே ஒரு வருடம் ஆயிற்று. கயல், பதில் வந்தது. வேலைக்கான உத்தரவு பதிவுத் தபாலில் வந்தது. நீ அம்மாவோடு கோயிலுக்குப் போயிருந்தாய். நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பிரித்துப் படித்தேன். நல்ல ஆங்கிலம், நல்ல தாள். சேர வேண்டிய நாள் போட்டிருந்தது. அதை என் பழைய அலுவலகக் கோப்பு ஒன்றுக்குள் வைத்தேன். கிழித்துப் போடவில்லை என்பதை அன்றைக்கு எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன். நாளை கொடுக்கலாம் என்று நினைத்தேன். அடுத்த நாளும் அப்படியே நினைத்தேன். சேர வேண்டிய நாள் கடந்ததும் அந்தக் கேள்வி தானாகத் தீர்ந்துபோனது. அலுவலகத்தில் பல கோப்புகள் இப்படித்தான் தீரும். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மாடிக்குப் போனபோது, "இதவிட நல்லது வரும்மா" என்று ஆறுதல் சொன்னவனும் நான்தான். இரண்டாம் வருடம் பெங்களூர் வேலைக்கான தகவல் உன் மின்னஞ்சலுக்கு வந்தது. அதை நான் கையெழுத்துப் போட்டு வாங்க முடியவில்லை.

ஒரு விஷயத்தை ஒருவன் ஒருமுறை செய்தால் அதைத் தவறு என்று சொல்லித் தப்பிக்கலாம். மாடிக்கான திட்ட அனுமதி பன்னிரண்டு நாளைக்கு முன்பே வந்துவிட்டது. தேன்மொழி அச்செடுத்து முத்திரையோடு கொண்டுவந்து கொடுத்தாள். "சார், ஸ்வீட் எங்க?" என்று கேட்டாள். உன் அம்மா மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். நான் தேன்மொழிக்குக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டு, அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய் அதே கோப்பில் வைத்தேன். இந்தத் தடவை நாளை கொடுக்கலாம் என்றுகூட நினைக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாய், ஆபீஸில் இருக்கிறது என்றேன். திங்கட்கிழமை மணிமாறன் கேட்டார், அவரிடமும் அதையே சொன்னேன். "நீங்க இன்னா பண்ணுவீங்க சார், அவங்க குட்தாதான" என்று என்னைத் தேற்றிவிட்டுப் போனார். வங்கி அவருக்கு வைத்த கெடுவுக்கு அப்போது ஒன்பது நாள் இருந்தது. அந்தக் குடும்பத்துக்குக் கிடைக்கப்போகிற முதல் வீட்டை நான் கோப்புக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன். எதற்காக? உன்னிடம் ஒரு வாக்கியம் சொல்லப் பயந்து.

நேற்று மதியம் உன் அம்மா கோப்பைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். இரண்டு தாளையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"இது எப்ப வந்துச்சு?"

சொன்னேன்.

"அன்னிக்கு அவ லெட்டரை ஒளிச்சீங்க. இன்னிக்கு இதை. எத்தனை தடவைதாங்க நான் பார்க்காத மாதிரியே இருக்கிறது?"

அவளுக்குத் தெரியும், கயல். கோயிலிலிருந்து வந்த அடுத்த வாரம் கோப்பைத் தூசி தட்டும்போது பார்த்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்களே குடுப்பீங்கன்னு இருந்தேன். அப்புறம், அவ இருக்கட்டுமேன்னு எனக்கும் தோணிப் போச்சு. உங்களைத் திட்டுறதுக்கு எனக்கு யோக்கியதை இல்லைன்னுதான் இத்தனை வருஷம் திட்டலை" என்றாள். பிறகு அவளும் என் எதிரே உட்கார்ந்தாள். "உங்களுக்கு பெங்களூர் போக இஷ்டமா?" என்று கேட்டாள். திருமணமாகி இத்தனை வருடத்தில் எதற்காவது எனக்கு இஷ்டமா என்று அவள் கேட்டதில்லை, நானும் அவளைக் கேட்டதில்லை. "இல்லை" என்றேன். "எனக்கும் இல்லை. இப்ப இல்லை" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. இதற்கு இத்தனை மாதம் ஆனது, மாடி அனுமதியைவிட அதிகம்.

அதற்குப் பிறகு நடந்ததில் எனக்குப் பங்கில்லை. அம்மா மணிமாறனுக்குப் போன் போட்டு அவரையும் செல்வியையும் வரச் சொன்னாள். அனுமதித் தாளை அவர் கையில் கொடுத்தாள். அது எப்போதே வந்துவிட்டது என்பதையும் சொன்னாள், என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே. மணிமாறன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எழுதப் போவதில்லை. "பெரியவங்க, ஏதோ நெனச்சிக்கினு பண்ணிட்டீங்க" என்று மட்டும் சொன்னார். செல்விதான் விடவில்லை. "இன்னும் நாலு நாள் போயிருந்தா லோனு போயிருக்கும்ங்க. நாங்க இன்னா பாவம் பண்ணோம்?" என்று கேட்டாள். சரியான கேள்வி. மன்னிப்புக் கேட்டேன். அம்மா அவளை உள்ளே கூட்டிப் போனாள். வெளியே வரும்போது இருவரும் ஒரு ஏற்பாட்டோடு வந்தார்கள். வீட்டை விற்றுவிடுகிறோம். அவர்கள் அந்த இரும்புப் படியை வைத்துக்கொண்டு மாடியிலும் ஹாலிலும் இருப்பார்கள். பின்பக்கத்து அறை, சமையலறைக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அதையும் சின்னத் தாழ்வாரத்தையும் பதினோரு மாதத்துக்கு நாங்கள் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறோம். வெளியே போவதற்காகப் போராடி அனுமதி வாங்கி, விற்று, கடைசியில் பதினைந்து அடி பின்னால் நகர்ந்திருக்கிறோம். எதிர்வீட்டுக்காரருக்கு இதை விளக்க முயன்றேன். அவர் இதில் ஏதோ வரி விஷயம் இருக்கிறது என்று நம்புகிறார்.

இனி உனக்கு. செவ்வாய்க்கிழமை பத்திரப் பதிவு. பணம் அன்றே உன் கணக்குக்கு வரும், பில்டருக்குக் கொடுத்துவிடு, அதில் எந்த நிபந்தனையும் இல்லை. அந்த அறையை எங்களுக்காகக் காலியாக வைத்திருக்காதே. உனக்கு அறிவுரை சொல்லும் தகுதியை நான் இந்தக் கடிதத்திலேயே இழந்துவிட்டேன். இருந்தாலும் அப்பன் என்ற முறையில் ஒன்று. யாருக்காவது அறை கட்டினால், செங்கல் வாங்குவதற்கு முன் அவரிடம் கேள். அவர் சரி என்று சொன்னால், இன்னொரு தடவை கேள். உன் பெண் நாளைக்கு எங்காவது போகிறேன் என்றால், அவளுக்கு வரும் தபாலை அவள் கையிலேயே கொடு. பதினோரு மாதத்துக்குப் பிறகு என்ன என்று எனக்குத் தெரியாது. முழங்கால் இருக்கிறது, வயது இருக்கிறது, வரவேண்டியும் இருக்கலாம். அப்போது எங்களைக் கேள், தனித்தனியாக. அம்மாவை முதலில். உன் அந்த அறையின் ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று விசாரிக்கச் சொன்னாள். விசாரிக்கச் சொன்னாள், அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு உடனே திரைச்சீலை வாங்கப் போய்விடாதே.

என்மேல் கோபம் வரும். வர வேண்டும். போனில் வேண்டாம், இங்கே வந்து எதிரே உட்கார்ந்து கோபப்படு. நான் எழுந்து போக மாட்டேன், பின்பக்கத்து அறையில் எழுந்து போகவும் இடமில்லை. வர மனமில்லை என்றால் அதையும் எழுது, தாங்கிக்கொள்வேன், தாங்காவிட்டாலும் அது உன் பொறுப்பு அல்ல.

இதோடு இரண்டு தாள் வைத்திருக்கிறேன். ஒன்று மாடி அறைக்கு வந்த அனுமதியின் நகல். மற்றது உனக்குச் சென்னையிலிருந்து வந்த வேலை உத்தரவு. அது அசல். அதற்கு நகல் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

உன் தபாலைத் தாமதமாகக் கொடுக்கும்,
அப்பா